24 வார்த்தையும் ஒரு சின்ன ஸ்கிரீனும்

பைபிட்ங்கிற கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச்ல 2025 பிப்ரவரி 21ஆம் தேதி சுமார் 150 கோடி டாலர் திருடு போச்சே, நாலு லட்சம் ஈத்தர் காயின், ஒரே அடில. அந்த நியூஸை எல்லாரும் படிச்சிருப்பீங்க, ஆனா அதுல பாதி பேர் கவனிக்காம விட்ட ஒரு விஷயம் இருக்கு. அந்த ட்ரான்சாக்ஷனுக்குக் கடைசியா கையெழுத்து போட்டது அந்த கம்பெனியோட சிஇஓ பென் ஜோ, அவர் கைல இருந்தது ஒரு லெட்ஜர் ஹார்ட்வேர் வாலட், அதாவது காயினை நகர்த்துற ரகசியச் சாவியை உள்ளயே வச்சுக்கிற பென்டிரைவ் மாதிரி ஒரு சின்ன மிஷின். அதுக்கு ஏழு மாசம் முன்னாடி, 2024 ஜூலை 18, நம்ம நாட்டு எக்ஸ்சேஞ்ச் வஸீர்எக்ஸ்ல 23 கோடி டாலர் போனப்பவும் அப்படித்தான், எங்க பக்கம் கையெழுத்து போட்ட மூணு பேருமே லெட்ஜர்தான் யூஸ் பண்ணாங்கனு அவங்களே அறிக்கை விட்டாங்க. பைபிட் கேஸ்ல அவங்க பார்த்துட்டிருந்த 'சேஃப்'ங்கிற வாலட் கம்பெனி வெப்சைட்டோட ஜாவாஸ்கிரிப்ட் கோடையே திருடங்க மாத்தி வச்சிருந்தாங்க, கம்ப்யூட்டர்ல சாதாரண ட்ரான்ஸ்ஃபர் மாதிரி தெரிஞ்சது, உள்ள போனது வேற. லெட்ஜரை யாரும் உடைக்கல. அதுகிட்ட கையெழுத்து கேட்டாங்க, அதுவும் போட்டுக் குடுத்துச்சு, அவ்வளவுதான்.

இதைச் சொன்னா உடனே "அப்ப எதுக்கு எட்டாயிரம் பத்தாயிரம் குடுத்து அதை வாங்கணும்"னு கேப்பாங்க. வாங்கணும், நானும் வச்சிருக்கேன், ஆனா எதுக்குக் காசு குடுக்குறோம்னு புரிஞ்சு வாங்கணும். என்னைக் கேட்டா அந்த மிஷின்ல நீங்க காசு குடுத்து வாங்குறது அந்த சின்ன ஸ்கிரீனை. வைரஸ் புடிச்ச கம்ப்யூட்டர், போலி வெப்சைட், கிளிப்போர்டை மாத்துற மால்வேர் இது எதுவும் தொட முடியாத ஒரே ஸ்கிரீன் உங்க வீட்டுல அதுதான். அதைப் படிக்காம ரெண்டு பட்டனையும் அமுக்குறவங்களுக்கு அந்த மிஷினால பெரிய பிரயோஜனம் கிடையாது.

முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவா சொல்லிடுறேன், ஏன்னா திருப்பூர்ல இருக்குற எங்க அத்தை பையனுக்கு செட்டப் பண்ணிக் குடுக்கப் போனப்ப அவன் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: "மச்சான், இது தொலைஞ்சா காயின் போச்சா?" போகாது. காயின் இதுக்குள்ள கிடையவே கிடையாது. பிட்காயின் எங்க இருக்குன்னா பிளாக்செயின்ல, உலகம் பூரா ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்ல இருக்குற அந்தக் கணக்குல. உங்ககிட்ட இருக்கிறது அந்தக் கணக்குல இருந்து காசை நகர்த்துற உரிமை, அதாவது பிரைவேட் கீ, அது ஒரு பெரிய்ய்ய நம்பர், 256 பிட். அந்த நம்பர் தெரிஞ்சவன் எவனோ அவனே ஓனர், ஆதார் கார்டு கேக்க மாட்டாங்க, போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தும் திரும்பாது. ஹார்ட்வேர் வாலட் பண்ற வேலை என்னன்னா அந்த நம்பரைத் தனக்குள்ளயே உருவாக்கி, தனக்குள்ளயே வச்சுக்கும், வெளிய விடாது. நீங்க காசு அனுப்பணும்னா கம்ப்யூட்டர் ஒரு ட்ரான்சாக்ஷனை எழுதி யூஎஸ்பி வழியா உள்ள அனுப்பும், மிஷின் அதை ஸ்கிரீன்ல காட்டும், நீங்க ஓகே பண்ணா உள்ளயே கையெழுத்து போட்டு கையெழுத்தை மட்டும் வெளிய தள்ளும். கம்ப்யூட்டர் எவ்வளவு நாறிப் போயிருந்தாலும் கீ அதுக்குத் தெரியாது.

அந்த நம்பரை மனுஷன் எழுதி வைக்கிற மாதிரி மாத்துறதுக்குத்தான் 12 இல்லன்னா 24 இங்கிலீஷ் வார்த்தை, இதைத்தான் சீட்னு சொல்வாங்க. பிப் 39னு 2013ல வந்த ஒரு ஸ்டாண்டர்டு இது, மொத்தம் 2048 வார்த்தை கொண்ட ஒரு லிஸ்ட், எந்த வார்த்தையும் முதல் நாலு எழுத்துலயே மத்ததுல இருந்து பிரிஞ்சுரும். லெட்ஜர்ல எடுத்த 24 வார்த்தையை ட்ரெஸர்ல போட்டாலும் அதே கீதான் வரும், அதனால நாளைக்கு அந்த கம்பெனியே இழுத்து மூடிட்டாலும் உங்க காசு நிக்கும். மிஷின் உடைஞ்சா, தொலைஞ்சா, குழந்தை தண்ணி தொட்டில போட்டாலும் வேற ஒன்னு வாங்கி வார்த்தையைப் போட்டா முடிஞ்சது. அந்த வார்த்தை தொலைஞ்சு மிஷினும் போனாதான் கதை முடியும். அதேமாதிரி அந்த வார்த்தையை வேற ஒருத்தன் பார்த்துட்டா உங்க மிஷின் பூட்டின பீரோவுக்குள்ள இருந்தாலும் காசு போயிரும், அவனுக்கு உங்க மிஷினே தேவையில்ல.

எதை வாங்குறதுனு பெரிய சண்டையே நடக்கும். ட்ரெஸர் செக் நாட்டு பிராக்ல இருக்குற சடோஷிலேப்ஸோடது, 2014ல முதல்முதலா மார்க்கெட்டுக்கு வந்த ஹார்ட்வேர் வாலட்டே அதுதான், கோட் முழுக்க ஓப்பன், யார் வேணா படிச்சுப் பாக்கலாம். லெட்ஜர் பாரிஸ் கம்பெனி, பாஸ்போர்ட், சிம் கார்டுல போடற வகை செக்யூர் சிப் இருக்கும், ஆனா அந்த சிப்புக்குள்ள ஓடற சாஃப்ட்வேரை நாம முழுசா பாக்க முடியாது. பழைய ட்ரெஸர்ல செக்யூர் சிப் இல்ல, 2020 ஜனவரில கிராக்கன் எக்ஸ்சேஞ்சோட செக்யூரிட்டி லேப்ஸ்காரங்க மிஷின் கைல கிடைச்சா 15 நிமிஷத்துல சீடை உருவிக் காட்டினாங்க, வோல்டேஜை விட்டு விட்டு ஏத்தி இறக்கி சிப்பை ஏமாத்தற டெக்னிக். அதுக்கப்புறம் வந்த ட்ரெஸர் சேஃப் 3ங்கிற மாடல்ல செக்யூர் சிப்பும் சேர்த்துட்டாங்க. லெட்ஜர் பக்கம் 2023 மே மாசம் ரிக்கவர்னு ஒரு சந்தா சர்வீஸ் அறிவிச்சு வாங்கிக் கட்டிக்கிட்டாங்க, நீங்க விருப்பப்பட்டா சீடை மூணு துண்டா என்கிரிப்ட் பண்ணி மூணு கம்பெனிகிட்ட வைப்போம், ஐடி ப்ரூஃப் காட்டி திரும்ப எடுத்துக்கலாம்னு. "கீ வெளிய வரவே வராதுனு தானடா இத்தனை நாள் சொன்னீங்க"னு ஜனங்க கொதிச்சது நியாயம்தான். இவ்வளவும் தெரிஞ்சும் எங்க அத்தை பையனுக்கு லெட்ஜர் நேனோ எஸ் பிளஸ்தான் வாங்கச் சொன்னேன், ஏன்னா அவன் வீட்டுல மிஷின் திருடு போற வாய்ப்பை விட அவன் வாங்கி வச்சிருக்கிற காயின் எல்லாத்துக்கும் சப்போர்ட் இருக்கணுங்கிறது முக்கியம். நேனோ எஸ் பிளஸ், ட்ரெஸர் சேஃப் 3 ரெண்டுமே மார்க்கெட்டுக்கு வந்தப்ப விலை 79 டாலர், நம்ம கைக்கு வர்றப்ப கஸ்டம்ஸ், கூரியர் எல்லாம் சேர்ந்து கூடும். பத்தாயிரம் ரூபாய்க்கு காயின் வச்சிருக்கிறவர் இதுக்கு எட்டாயிரம் செலவு பண்றது எனக்குச் சரியாப் படல, அவருக்கு போன்ல ஒரு நல்ல வாலட் ஆப் போதும்.

எங்க வாங்குறீங்கங்கிறது எதை வாங்குறீங்கங்கிறதை விட முக்கியம். கம்பெனி சைட், இல்ல அந்த சைட்லயே லிஸ்ட் போட்டிருக்கிற ரீசெல்லர். ஓஎல்எக்ஸ், டெலிகிராம் குரூப், "நண்பர் துபாய்ல இருந்து கொண்டு வந்தது, சீல் பிரிக்கல" இது எதுவும் வேணாம். 2018ல இங்கிலாந்துல ஒருத்தர் ஈபேல லெட்ஜர் வாங்கினார், டப்பாக்குள்ள ஸ்கிராட்ச் கார்டு மாதிரி ஒன்னு, சுரண்டினா 24 வார்த்தை, அழகா பிரிண்ட் பண்ணிருந்துச்சு. அவரும் கம்பெனி குடுத்ததுனு நம்பி அதையே போட்டு 25 ஆயிரம் பவுண்டை ஏத்தினார், வித்தவன் எடுத்துட்டுப் போயிட்டான். இதுக்கும் ஒரு படி மேல 2023ல ஆன்டிவைரஸ் கம்பெனி காஸ்பர்ஸ்கி ஒரு போலி ட்ரெஸர் மாடல் டி-யைப் பிரிச்சுப் பார்த்து எழுதினாங்க. வெளிய பார்த்தா ஹாலோகிராம் உட்பட எல்லாம் ஒரிஜினல், உள்ள சிப்பையே மாத்தியிருந்தாங்க. "புது சீட் உருவாக்கு"னு சொன்னா முன்னாடியே தயார் பண்ணி வச்ச 20 சீட்ல ஒன்னைத்தான் எடுத்துக் குடுக்கும். ஸ்கிரீனே பொய் சொல்ற கேஸ் இது, நான் மேல சொன்ன எல்லாமே இங்க அடிபட்டுப் போயிரும். அதனாலதான் கம்ப்யூட்டர்ல கனெக்ட் பண்ண உடனே கம்பெனியோட ஆப் பண்ற அந்த ஜெனுயின் செக்கை ஸ்கிப் பண்ணக் கூடாது, சிப்புக்குள்ள கம்பெனி வச்சு அனுப்பின ஒரு கீயை வச்சு அது ஒரிஜினல்தானானு சரிபார்க்கும். டப்பால வர்ற ரிக்கவரி ஷீட் வெறுமையா இருக்கணும். பின் ஏற்கனவே செட் பண்ணி வந்தா அந்த மிஷினைத் தொடாதீங்க.

சரி, திருப்பூருக்கு வருவோம். ஞாயித்துக்கிழமை மத்தியானம், கரண்ட் போயிட்டு வந்துச்சு, மாப்ள லேப்டாப்பை டைனிங் டேபிள்ல வச்சுட்டான். நான் முதல்ல பண்ணது கூகுள்ல தேடற பழக்கத்தை நிறுத்தினது. லெட்ஜர்னு கூகுள்ல அடிச்சு மேல வர்ற விளம்பரத்தைக் கிளிக் பண்ணி போலி ஆப் இறக்கினவங்க ஏராளம், அட்ரஸ் பார்ல நேரா டைப் பண்ணித்தான் போகணும். ஸ்டோர்ல இருக்குனும் நம்பிடாதீங்க, 2023 நவம்பர்ல மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்லயே போலி லெட்ஜர் லைவ் ஆப் (லெட்ஜரோட சொந்த ஆப்புக்கு அப்ப அதுதான் பேர்) இருந்து, அதை நம்பினவங்க காசு 5 லட்சம் டாலருக்கு மேல போயிருக்கு. போலி ஆப் எல்லாத்துக்கும் ஒரே குறி, எப்படியாச்சும் உங்களை அந்த 24 வார்த்தையைக் கீபோர்டுல டைப் பண்ண வைக்கணும். அசல் ஆப் அதைக் கேக்கவே கேக்காது.

மிஷின்ல ரெண்டே பட்டன், 128க்கு 64 பிக்சல் ஸ்கிரீன், பழைய நோக்கியா போனை விடச் சின்னது. புது டிவைஸா செட்டப் பண்ணுனு குடுத்தா முதல்ல பின், நாலுல இருந்து எட்டு இலக்கம். மாப்ள வண்டி நம்பரைப் போடப் போனான், வேணாம்னேன், எட்டு இலக்கம் போடு, வண்டி நம்பர், பொறந்த நாள், கல்யாண நாள் எதுவும் இல்லாம. அடுத்து வார்த்தை வர ஆரம்பிக்கும். அப்ப நான் எந்திரிச்சு பால்கனிக்குப் போயிட்டேன்.

"எங்க மச்சான் போறீங்க, இங்க வந்து சொல்லுங்க"னான். "நான் பாக்கக் கூடாதுடா. நாளைக்கு இதுல இருந்து பத்து ரூபா காணாம போனாலும் உனக்கு முதல் சந்தேகம் என் மேலதான் வரும், எனக்கு அந்தத் தலைவலி வேணாம்"னேன். இதை எல்லாருக்கும் சொல்றேன், செட்டப் பண்ணிக் குடுக்கிற நண்பனா இருந்தா வார்த்தை வர்ற நேரம் ரூமை விட்டு வெளிய போயிருங்க, செட்டப் பண்ணிக்கிறவரா இருந்தா போகச் சொல்லுங்க. போனையும் டேபிள்ல இருந்து எடுத்துருங்க, சிசிடிவி வச்ச ஹால்ல உக்காராதீங்க. பால்கனில இருந்தே கத்தினேன், பெரிய எழுத்துல எழுது, நம்பர் போட்டு எழுது, பேனால எழுது, ஒவ்வொன்னையும் எழுதிட்டு ஸ்கிரீனை ஒருதடவை திரும்பப் பாருனு. எழுதி முடிச்சா மிஷினே பரீட்சை வைக்கும், முதல் வார்த்தை எது, ரெண்டாவது எதுனு வரிசையா கேக்கும், சரியா எடுத்துக் காட்டணும். அதுல தேறினாதான் ரெடினு வரும்.

பெரும்பாலானவங்க இங்க நிறுத்திட்டு காயினை ஏத்த ஆரம்பிச்சுருவாங்க. நான் விடல. "மாப்ள, இப்ப தப்பு பின்னை மூணு தடவை போடு"னேன். லெட்ஜர்ல மூணு தடவை தப்பா போட்டா மிஷின் தன்னையே அழிச்சுக்கும், ட்ரெஸர்ல 16 தடவை வரைக்கும் பொறுத்துக்கும். அவன் மூஞ்சியைப் பாக்கணுமே, இப்பதான வாங்கினேன் மச்சான்ங்கிறான். காசு எதுவும் இல்லாத நேரத்துல அழிச்சுப் பாத்தாதான் அந்தப் பேப்பர் உண்மையா வேலை செய்யுதானு தெரியும். அழிஞ்சுது. இப்ப ரீஸ்டோர்னு குடுத்து 24 வார்த்தையும் அந்த ரெண்டு பட்டன்லயே ஒவ்வொரு எழுத்தா நகர்த்தி நகர்த்திப் போடணும், அது ஒரு தொல்லை புடிச்ச வேலை, பாதில டீ குடிச்சுட்டு வந்து உக்காந்தான். பதினேழாவது வார்த்தைல மாட்டிக்கிட்டான். "மச்சான், என் கையெழுத்து எனக்கே புரியல." நான் உள்ள வரல, முதல் ரெண்டு மூணு எழுத்தைப் போடுடா, பொருந்துற வார்த்தையை அதே காட்டும், அதுல உன் பேப்பர்ல இருக்கிறதுக்கு எது ஒத்து வருதுனு பாருனு சொன்னேன். கிடைச்சுருச்சு. வார்த்தை தப்பா இருந்தா பெரும்பாலும் மிஷினே ஒத்துக்காது, ஏன்னா 24வது வார்த்தைக்குள்ள எட்டு பிட் செக்சம், அதாவது மத்த வார்த்தை சரியானு பாக்கிற ஒரு கணக்கு, ஒளிஞ்சிருக்கு, குருட்டாம்போக்குல போட்டா 256க்கு ஒரு தடவைதான் தப்பிக்கும். அன்னைக்கே அவன் புதுசா ஒரு ஷீட்ல தெளிவா திரும்ப எழுதி, பழையதை கேஸ் அடுப்புல காட்டி எரிச்சான். ரெண்டு வருஷம் கழிச்சு மிஷின் கெட்டுப்போன அன்னைக்கு அந்தப் பதினேழாவது வார்த்தைல மாட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் விளக்க வேண்டியதில்ல.

இப்ப அந்தப் பேப்பரை எங்க வைக்கிறது. எங்க வைக்கக் கூடாதுங்கிறது சுலபம். போட்டோ எடுக்காதீங்க, கூகுள் போட்டோஸ் தன்னால மேல ஏத்திரும். வாட்ஸ்ஆப்ல உங்களுக்கே அனுப்பிக்காதீங்க, ஜிமெயில் டிராஃப்ட் வேணாம், எக்செல் ஷீட் வேணாம். 2025 பிப்ரவரில ஸ்பார்க்கேட்னு ஒரு மால்வேரை காஸ்பர்ஸ்கி கண்டுபிடிச்சாங்க, ஆண்ட்ராய்டு, ஆப்பிள் ரெண்டு ஸ்டோர்லயும் இருந்த ஆப்களுக்குள்ள ஒளிஞ்சிருந்து உங்க கேலரில இருக்குற படத்தை எல்லாம் எழுத்து எழுத்தா படிச்சு சீட் வார்த்தை இருக்கானு தேடற வேலை அதோடது. ஆக கேலரில போட்டா அது பப்ளிக்னு வச்சுக்கங்க.

பேப்பருக்கு நம்ம ஊர்ல எதிரி ஜாஸ்தி. கரையான், ராமபாணம், ஒழுகுற மழை, வீட்டை ஒழிக்கிறேன்னு அம்மா தூக்கிப் போடறது. 2015 டிசம்பர்ல சென்னைல பத்திரம், சர்ட்டிபிகேட் எல்லாம் தண்ணில ஊறி நின்னவங்களைக் கேளுங்க. வெளிநாட்டுல இதுக்குனு ஸ்டீல் தகடு விக்கிறாங்க, விலை அநியாயம். நமக்கு எதுக்கு, எவர்சில்வர் ஊர்ல இருந்துக்கிட்டு. பாத்திரக்கடைல சொம்புல பேர் வெட்டுவாங்களே, அந்த குட்டி மிஷின் ஆன்லைன்லயே கிடைக்குது, கெட்டியான எவர்சில்வர் தகடு ஒன்னு வாங்கி வீட்டுல உக்காந்து நீங்களே வெட்டிக்கலாம், இல்லன்னா ஹார்ட்வேர் கடைல எழுத்து பஞ்ச் செட் வாங்கி சுத்தியால அடிச்சுக்கலாம், அது இன்னும் ஆழமா விழும். ஒவ்வொரு வார்த்தைலயும் முதல் நாலு எழுத்து போதும், லிஸ்ட் அப்படித்தான் அமைச்சிருக்காங்க. தயவுசெஞ்சு பாத்திரக்கடைக்காரர்கிட்டயே குடுத்து வெட்டச் சொல்லாதீங்க, சிரிக்காதீங்க, கேட்ட ஆளு இருக்காங்க. ரெண்டு பிரதி, ரெண்டு வேற இடம், மிஷினும் தகடும் ஒரே பீரோல வேணாம். ஒன்னு வீடு, ஒன்னு பேங்க் லாக்கர்னு வச்சா நடுத்தரக் குடும்பத்துக்குப் போதும்னு நினைக்கிறேன். சிலர் 12 வார்த்தை இங்க 12 வார்த்தை அங்கனு பாதியா வெட்டி வைப்பாங்க, அதைவிட மோசமான ஐடியா கிடையாது, ஒரு பாதி தொலைஞ்சாலே மொத்தமும் போச்சு, ஒரு பாதி திருடன் கைல கிடைச்சா அவன் வேலை எவ்வளவோ குறைஞ்சுரும். பிரிச்சுத்தான் வைக்கணும்னா ட்ரெஸர்ல அதுக்குனே ஷமிர் பேக்கப்னு ஒன்னு இருக்கு, மூணுல எந்த ரெண்டு இருந்தாலும் எடுக்கலாங்கிற மாதிரி முறையா பிரிக்கும்.

பாஸ்பிரேஸ், 25வது வார்த்தைனு, அதாவது அந்த 24ஓட நீங்களா சேர்த்துக்கிற ஒரு ரகசியச் சொல், யூட்யூப்ல பயங்கரமா சொல்வாங்க. நல்ல விஷயம்தான், மேல சொன்ன அந்த 15 நிமிஷ அட்டாக்குக்குக்கூட அதுதான் மருந்து. ஆனா அதுல தப்பு பாஸ்பிரேஸ்னு ஒன்னு கிடையாது, எதைப் போட்டாலும் ஒரு வாலட் திறக்கும், ஒரு எழுத்து பெருசு சின்னது மாறினா காலி வாலட் ஒன்னு திறந்து உங்களைப் பார்த்து இளிக்கும். புதுசா வர்றவங்க முதல் வருஷம் அந்தப் பக்கமே போக வேணாம்.

இனி காயினை ஏத்தறது. ஏத்துறதுக்கு முன்னாடி உங்க எக்ஸ்சேஞ்ச் வெளிய அனுப்ப விடுதானு பாருங்க, நம்ம நாட்டுல சில இடத்துல ரூபாய் மட்டும்தான் வெளிய எடுக்கலாம், சில இடத்துல அதுக்குத் தனியா கேஒய்சி கேப்பாங்க. இதை மிஷின் வாங்கினப்புறம் தெரிஞ்சுக்கிட்டு புலம்பறவங்களைப் பார்த்திருக்கேன். ஆப்ல ரிசீவ் குடுத்தா அட்ரஸ், அதாவது காயின் வந்து சேர வேண்டிய அக்கவுண்ட் நம்பர் மாதிரி ஒரு நீளமான எழுத்து வரிசை, வரும், அதே அட்ரஸ் மிஷின் ஸ்கிரீன்லயும் வரும், ரெண்டும் ஒன்னானு முழுசா ஒத்துப் பாருங்க. மாப்ள முதல் நாலு கடைசி நாலு பார்த்துட்டு ஓகேனான். நடுவுலயும் பாக்கச் சொன்னேன், ஏன்னா 2024 மே மாசம் ஒருத்தர் அப்படி முன்னயும் பின்னயும் மட்டும் பார்த்து 1155 ரேப்டு பிட்காயினை (ஈத்திரியம் நெட்வொர்க்ல ஓடற பிட்காயின் வடிவம்), அன்னைய விலைல 6 கோடியே 80 லட்சம் டாலரை, திருடன் அட்ரஸுக்கு அனுப்பிட்டார். திருடன் அவரோட அட்ரஸ் மாதிரியே ஆரம்பிச்சு முடியற ஒரு அட்ரஸை உருவாக்கி, ஹிஸ்டரில வர்ற மாதிரி ஒரு சில்லறை ட்ரான்சாக்ஷன் போட்டு வச்சிருந்தான், இவர் ஹிஸ்டரில இருந்து காப்பி பண்ணார். அந்த ஆளுக்கு அதிர்ஷ்டம், திருடன் பேச்சுவார்த்தைக்கு வந்து பெரும்பகுதியைத் திருப்பிக் குடுத்தான். நமக்கு அந்த அதிர்ஷ்டம் வராது, ஹிஸ்டரில இருந்து காப்பி பண்ணாதீங்க.

முதல்ல சின்னதா ஒன்னு அனுப்புங்க, வந்து சேர்ந்ததும் மீதி. நெட்வொர்க்கை கவனிங்க, யூஎஸ்டிடினு ஒரு டாலர் மதிப்புக்கு ஒட்டி நிக்கிற காயின் ஈத்திரியம்ங்கிற நெட்வொர்க்லயும் இருக்கு, ட்ரான்ங்கிற நெட்வொர்க்லயும் இருக்கு, அனுப்புற பக்கமும் வாங்குற பக்கமும் ஒரே நெட்வொர்க்கா இருக்கணும். இன்னொன்னு, ஈத்திரியம்ல யூஎஸ்டிடி மட்டும் வச்சுட்டு ஈத்தர் ஒரு துளிகூட இல்லன்னா அதை நகர்த்த முடியாது, ஃபீஸ் ஈத்தர்லதான் போகும். அவசரத்துக்கு எடுக்கப் போறப்ப இது தெரிஞ்சா செம கடுப்பாகும். யூஎஸ்டிடி பத்திப் பேசறப்ப ஒன்னு, அதை வெளியிடற டெதர் கம்பெனி நினைச்சா எந்த அட்ரஸையும் முடக்கலாம், அதுக்கு ஹார்ட்வேர் வாலட் ஒன்னும் பண்ண முடியாது.

வாங்கி வச்சுட்டு சும்மா இருக்கறவங்களுக்கு இதோட வேலை முடிஞ்சது. டீஃபை (பேங்க் இல்லாம கடன், வட்டி நடக்கிற சைட்டுங்க), என்எஃப்டி (டிஜிட்டல் பொருளுக்கான டோக்கன்), ஏர்டிராப் (இலவசமா குடுக்கிற காயின்)னு வாலட்டை வெப்சைட்ல கனெக்ட் பண்றவங்களுக்குத்தான் பிரச்சினையே ஆரம்பம். ஸ்மார்ட் கான்ட்ராக்ட்டோட, அதாவது பிளாக்செயின்ல தானா ஓடற புரோகிராமோட, பேசறப்ப மிஷின் பல நேரம் என்ன நடக்கப் போகுதுனு புரியற மாதிரி காட்டாது, புரியாத எழுத்தும் நம்பரும் வரும், பிளைண்ட் சைனிங்கை ஆன் பண்ணுங்கனு ஆப்பே கேக்கும். அதை ஆன் பண்ணிட்டு ஓகே ஓகேனு அமுக்குறது ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல பத்திரத்தைப் படிக்காம கைநாட்டு வைக்கிற மாதிரிதான். பைபிட்ல நடந்ததும் இதுதான், அவங்க பெரிய ஆளுங்க, நாம சின்ன ஆளுங்க. 2023 டிசம்பர் 14 அன்னைக்கு லெட்ஜர் கனெக்ட் கிட்னு வெப்சைட்டுங்க யூஸ் பண்ற ஒரு கோட் லைப்ரரியவே திருடன் மாத்திட்டான், முன்னாள் ஊழியர் ஒருத்தரை ஃபிஷிங்ல ஏமாத்தி உள்ள நுழைஞ்சான், சில மணி நேரத்துல பல டீஃபை சைட்டுங்க வழியா 6 லட்சம் டாலர் மாதிரி போச்சு. சைட்டு அசல், மிஷின் அசல், ஓகே குடுத்த கை நம்ம கை. அதனால நான் ரெண்டு அக்கவுண்டா பிரிச்சுக்கச் சொல்றேன். சேமிப்பு ஒரு அக்கவுண்ட், அது எந்த சைட்லயும் கனெக்ட் ஆகாது, என்ன ஏர்டிராப் வந்தாலும் சரி. விளையாட்டுக்குத் தனியா ஒன்னு, போனா போகட்டும்ங்கிற அளவு காசோட. ஒரு சைட்டுக்கு உங்க காயினை எவ்வளவு வேணா எடுத்துக்கனு பழசா குடுத்து வச்ச அன்லிமிடெட் அப்ரூவல் ஏதாச்சும் இருந்தா அதை ரிவோக் பண்ணுங்க, அதாவது அந்த அனுமதியைத் திரும்ப வாங்கிக்கங்க.

ஏமாத்துறவன் போன் பண்ணுவான், இதைச் சொல்லிடணும். 2020ல லெட்ஜரோட கஸ்டமர் டேட்டா லீக் ஆச்சு, டிசம்பர்ல அதை எவனோ வெளில கொட்டினான், சுமார் 2 லட்சத்து 72 ஆயிரம் பேரோட பேர், வீட்டு அட்ரஸ், போன் நம்பர். அதுக்கடுத்த வருஷம் சிலர் வீட்டுக்கு போஸ்ட்ல புது லெட்ஜரே வந்துச்சு, "உங்க பழைய மிஷின் பாதுகாப்பு இல்ல, இதுக்கு மாறிக்கங்க"னு லெட்டரோட, உள்ள பிரிச்சு வேற சாமான் சொருகின மிஷின். இவ்வளவு மெனக்கெடுறவன் தமிழ்ல பேசி போன் பண்ண மாட்டானா. கஸ்டமர் சப்போர்ட், கேஒய்சி அப்டேட், ஈடி நோட்டீஸ் எதைச் சொல்லி எவன் கேட்டாலும் அந்த 24 வார்த்தை மிஷினோட ரெண்டு பட்டன் வழியா மட்டும்தான் உள்ள போகணும். அதே காரணத்துக்காக உங்ககிட்ட இது இருக்குனு ஊர் பூரா சொல்லிக்கிட்டும் திரியாதீங்க, 2025 ஜனவரில பிரான்ஸ்ல லெட்ஜர் கம்பெனியை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரையே கடத்தி விரலை வெட்டினாங்க. டீக்கடைல போர்ட்போலியோ காட்டற பழக்கம் சிலருக்கு இருக்கு, சொல்லி வைக்கிறேன்.

வரி விஷயத்தைச் சுருக்கமா முடிச்சுக்கிறேன். எக்ஸ்சேஞ்ச்ல இருந்து உங்க சொந்த வாலட்டுக்கு மாத்துறது விற்பனை இல்ல. விக்கிறப்ப, இல்ல ஒரு காயினைக் குடுத்து இன்னொன்னு வாங்கறப்பதான் லாபத்துல 30 சதவீதமும் மேல செஸ்ஸும் வரும், 2022 ஏப்ரல்ல இருந்து அப்படித்தான், நஷ்டத்தைக் கழிச்சுக்க முடியாது, 1 சதவீத டிடிஎஸ் 2022 ஜூலைல இருந்து. மிஷின்ல போட்டுட்டா யாருக்கும் தெரியாதுனு ஒரு கூட்டம் நினைச்சுட்டிருக்கு, எக்ஸ்சேஞ்ச்ல உங்க பான் நம்பரோட எல்லாம் பதிவாயிருக்கு. வாங்கின தேதி, விலை, வெளிய அனுப்பின ட்ரான்சாக்ஷன் ஐடி எல்லாத்தையும் இறக்கி வச்சுக்கங்க, அஞ்சு வருஷம் கழிச்சு விக்கிறப்ப வாங்கின விலைக்கு ஆதாரம் கேட்டா அந்த எக்ஸ்சேஞ்சே இருக்குமானு யாருக்குத் தெரியும்.

கிளம்பறப்ப மாப்ளயோட வீட்டுக்காரம்மா, அதாவது எனக்குத் தங்கச்சி முறை, அவ்வளவு நேரம் அடுப்படில இருந்து எல்லாத்தையும் கேட்டுட்டிருந்தவங்க வந்து கேட்டாங்க: "அண்ணா, இதுல எவ்வளவு இருக்குனு எனக்கு வேணாம், இவருக்கு ஒன்னுன்னா நான் என்ன பண்ணணும்னு மட்டும் எழுதிக் குடுங்க." அன்னைக்கு அந்த வீட்டுல கேட்ட கேள்விலயே உருப்படியான கேள்வி அதுதான், மாப்ள முழிச்சான். பேங்க்ல நாமினி இருக்காங்க, இங்க இல்ல. உக்காந்து ஒரு பக்கத்துக்குத் தமிழ்ல எழுதினோம். மிஷின் எங்க இருக்கு, அது வெறும் பென்டிரைவ் இல்ல, தூக்கிப் போடாதீங்க. எவர்சில்வர் தகடு ரெண்டு இருக்கு, எங்கங்க இருக்கு. யார் உதவி பண்றேன்னு வந்தாலும் அந்தத் தகட்டைக் காட்ட வேணாம், நான் வந்தாலும். எந்த ஆப், அதை எந்த அட்ரஸ்ல இறக்கணும், எந்த எக்ஸ்சேஞ்ச்ல வித்து எந்த பேங்க் அக்கவுண்டுக்கு எடுக்கணும், அவசரப்பட்டு ஒரே நாள்ல எடுக்க வேண்டியதில்ல. எந்த ஆடிட்டர்கிட்ட போகணும். 24 வார்த்தை அந்தப் பக்கத்துல கிடையாது, பின் கிடையாது.

"இதை மட்டும் எடுத்துட்டுப் போய் ஒருத்தன் காசு எடுக்க முடியுமா அண்ணா?"னு கேட்டாங்க. முடியாது, ஆனா உங்ககிட்ட என்ன இருக்குனு தெரிஞ்சுக்குவான், அதனால அதையும் பூட்டியே வைங்கனேன். எல்ஐசி பாலிசி ஃபைல்ல சொருகி பீரோல வச்சிருக்காங்க. வருஷா வருஷம் ஐடி ரிட்டர்ன் போடற நேரத்துல அதை எடுத்து ஒருதடவை படிச்சுப் பார்த்து திருத்துறதா பேச்சு, ஏன்னா இந்தப் பேரெல்லாம் நிலைக்கிறதில்ல, லெட்ஜர் லைவ்னு இருந்த ஆப்பே 2025ல லெட்ஜர் வாலட்னு பேர் மாறிருச்சு.